கார் ஷெட்டை ரூமா மாத்தின வீடு: நெல்லையில் வாங்கலாமா? பிளானில் இல்லாத அறைக்கு யார் பொறுப்பு?

‘மூணு பெட்ரூம், நாலு சென்ட், தனி வீடு, டிடிசிபி அப்ரூவ்டு, லோன் வசதி உண்டு.’

பெருமாள்புரம், மகாராஜ நகர், கே.டி.சி. நகர் என்று பாளையங்கோட்டையைச் சுற்றி வீடு தேடுகிறவர்களின் போனுக்கு அடிக்கடி வரும் மெசேஜ் இது. நேரில் போய்ப் பார்த்தால் வீடு நன்றாகவே இருக்கும். அந்த மூணாவது பெட்ரூம் மட்டும் கொஞ்சம் ஒட்டாமல் நிற்கும். ஹாலில் இருந்து ஒரு படி இறங்கித்தான் உள்ளே போகணும். டைல்ஸ் வேறு நிறம். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் காம்பவுண்டு சுவர். கேட் மட்டும் கார் நுழையும் அகலத்துக்கு இருக்கும், ஆனால் காரை நிறுத்த உள்ளே இடம் இருக்காது.

கேட்டால் பதில் வெளிப்படையாகவே வரும். “முன்னாடி அது கார் ஷெட் அண்ணாச்சி. அப்பாவுக்கு மாடி ஏற முடியலன்னு ரூமா மாத்திட்டோம். இதையெல்லாம் யாரு வந்து பாக்கப் போறா?”

அந்தக் கேள்விக்கான பதில்தான் விஷயமே. உண்மையிலேயே யாரும் வந்து பார்ப்பதில்லை. அதனால்தான் வாங்குகிறவர் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதுக்காக மாத்துறாங்க?

காரணங்கள் பெரும்பாலும் நியாயமானவைதான். வயதான அப்பா அம்மாவுக்குத் தரைத்தளத்தில் ஒரு அறை. பாளையங்கோட்டை மாதிரி கல்லூரிகள் நிறைந்த ஊரில், மாணவர்களுக்கு வாடகைக்கு விட ஒரு சின்ன போர்ஷன். மெயின் ரோட்டை ஒட்டிய வீடு என்றால் டியூஷன் சென்டர், கிளினிக், ஜெராக்ஸ் கடை. மூன்று பக்கம் ஏற்கெனவே தூணோ சுவரோ இருக்கிறது, மேலே கான்கிரீட் தளம் இருக்கிறது. மிச்சம் ஒரு பக்கம் சுவர் எழுப்பி, கதவு ஜன்னல் வைத்தால் அறை ரெடி. புதிதாக ஒரு அறை கட்டும் செலவில் ஒரு பங்குதான் ஆகும்.

விற்கும்போது மட்டும் அந்த அறைக்கு முழு அறையின் விலை சொல்லப்படுகிறது. சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது.

‘அப்ரூவ்டு’ என்றால் எது அப்ரூவ்டு?

விளம்பரத்தில் வரும் ‘டிடிசிபி அப்ரூவ்டு’ என்ற சொல் பெரும்பாலும் மனையைத்தான் குறிக்கும். அதாவது அந்த லே-அவுட்டுக்கு நகர் ஊரமைப்புத் துறை அனுமதி கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பிறகு, மனை அப்ரூவலைப் பற்றி எல்லாருக்கும் ஒரு விழிப்பு வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அதோடு கேள்வி முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

மனைக்கு ஒரு அனுமதி, அதன் மேல் நிற்கும் கட்டடத்துக்குத் தனியாக ஒரு அனுமதி. திட்ட அனுமதியும் கட்டட அனுமதியும் கொடுக்கும்போது அதிகாரிகள் முத்திரை குத்தித் தரும் வரைபடம்தான், புழக்கத்தில் ‘அப்ரூவ்டு பிளான்’. அதில் அந்த இடத்தில் ‘கார் ஷெட்’ அல்லது ‘போர்டிகோ’ என்று எழுதியிருந்தால், அரசின் கண்ணில் அது இன்னமும் கார் ஷெட்தான். உள்ளே கட்டில் போட்டு, ஏசி மாட்டி, பத்து வருஷமாக ஆள் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி.

பிளானில் பெயர் மாறினால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். வித்தியாசம் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம் என்கிறது. இதைத்தான் ‘எஃப்எஸ்ஐ 2’ என்பார்கள். ஸ்டில்ட் பார்க்கிங் இந்தக் கணக்கில் சேராது. அதையே அறையாக அடைத்துவிட்டால் சேர்ந்துவிடும். வண்டி நிறுத்த விட்டிருந்த இடமும் குறையும். தனி வீட்டில் இதைவிட முக்கியமானது செட்பேக், அதாவது வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடம். திறந்தபடி நிற்கும் ஷெட் ஒரு கதை, நாலு சுவரும் மூடிய அறை இன்னொரு கதை. அறை காம்பவுண்டு வரை போய்விட்டால், பக்கத்து வீட்டுக்காரரின் காற்றும் வெளிச்சமும் சேர்ந்தே அடைபடும். புகார் எழுதப்போவதும் பெரும்பாலும் அவர்தான்.

யாரும் ஏன் வந்து பார்ப்பதில்லை?

சென்னையில் பெரிய அடுக்குமாடிகளைப் பற்றிப் பேசும்போது ‘கம்ப்ளீஷன் சர்டிபிகேட்’ என்ற சொல் காதில் விழுந்திருக்கும். பணி நிறைவுச் சான்று. கட்டடம் அனுமதி வாங்கிய வரைபடப்படிதான் கட்டப்பட்டிருக்கிறது என்று அதிகாரி வந்து பார்த்துத் தரும் கடிதம். அது இருந்தால்தான் மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு.

நெல்லையின் சராசரி தனி வீட்டுக்கு இந்தச் சான்று கிடையாது. யாரும் ஏமாற்றியதால் அல்ல, விதியே கேட்கவில்லை. 2019-ல் விதிகள் வந்தபோதே 12 மீட்டர் உயரத்துக்குள், மூன்று வீடுகளுக்கு மேல் போகாமல், 750 சதுர மீட்டருக்குள் அடங்கும் குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு கொடுக்கப்பட்டது. 2024 ஜூலை 22-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த சுயசான்றுத் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்ட, ஆன்லைனில் உறுதிமொழி கொடுத்தால் உடனே அனுமதி. ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இதன் மறுபக்கம் வீட்டை இரண்டாவதாக வாங்குகிறவர் தலையில் விழுகிறது. பிளான் போட்ட நாளில் அரசு ஒரு தாளைப் பார்த்தது, அவ்வளவுதான். கட்டி முடித்த வீட்டை அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஒருவர்கூட இந்தக் கதையில் இல்லை. முதல் ஓனர் மாற்றியதும் யாருக்கும் தெரியாது, இரண்டாவது ஓனர் அதையே அடைத்ததும் தெரியாது.

இதற்கு நடுவே உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் பேசியிருக்கிறது. 2024 டிசம்பர் 17-ல் நீதிபதிகள் ஜே.பி.பார்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு கொடுத்த தீர்ப்பு அது. உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில், சாஸ்திரி நகர் என்ற வீட்டுவசதித் திட்டத்தில் குடியிருப்புக்காக ஒதுக்கிய மனையில் அனுமதியில்லாமல் கடைகள் கட்டியிருந்தார்கள். பல வருஷமாகிவிட்டது, பணம் போட்டிருக்கிறோம், அதிகாரிகளும் சும்மாதானே இருந்தார்கள் என்பதையெல்லாம் காரணமாக ஏற்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூடவே நாடு முழுமைக்கும் சில உத்தரவுகள். கட்டடத்தை அடமானமாக வைத்துக் கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பணி நிறைவுச் சான்றையோ குடியேற்றச் சான்றையோ சரிபார்க்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அனுமதியில்லாத கட்டடத்தில் தொழில் நடத்த லைசென்ஸ் தரக்கூடாது என்பது இன்னொன்று. அந்த மீரட் கடைகள் 2025 அக்டோபரில் இடிக்கப்பட்டன.

சான்று இல்லாமல் கடன் கூடாது என்கிறது டெல்லி. சின்ன வீட்டுக்குச் சான்றே வேண்டாம் என்கிறது சென்னை. இந்த இரண்டுக்கும் நடுவில் வங்கியின் கையில் மிஞ்சுவது அப்ரூவ்டு பிளான் மட்டும்தான். அதனால் பிளானுக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு முன்பு இல்லாத எடை வந்திருக்கிறது.

வீட்டு வரி ரசீது இருக்கே?

விற்பவர் நீட்டும் முதல் ஆதாரம் இதுதான். “கார்ப்பரேஷன்லயே இந்த ரூமுக்கும் சேத்துத்தான் வரி போட்டிருக்கான்.” அது உண்மையாகவே இருக்கலாம். வரி என்பது அங்கே கட்டடம் இருக்கிறது என்பதற்காகப் போடுவது. அது அனுமதியோடு இருக்கிறதா என்பது வேறு பிரிவின் வேலை. வரி கட்டியதாலேயே அனுமதியில்லாத கட்டடம் சட்டப்படியானதாக மாறிவிடாது.

மின் இணைப்பும் அப்படித்தான். இன்னும் சொன்னால், ஷெட்டைக் கடையாக மாற்றி, வீட்டு மீட்டரிலிருந்தே கரண்ட் எடுத்தால் அது தனி வில்லங்கம். எந்த உபயோகத்துக்கு இணைப்பு வாங்கினோமோ அதை மீறிப் பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போட முடியும். எப்போதிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடலாம்.

பத்திரப் பதிவு அலுவலகம்? அங்கே கட்டடத்தின் மதிப்பைப் பார்ப்பார்கள், முத்திரைத் தீர்வை சரியாக வருகிறதா என்று பார்ப்பார்கள். பிளானை விரித்துவைத்து மூணாவது பெட்ரூம் எங்கே என்று தேடுவது அவர்கள் வேலை இல்லை. வில்லங்கச் சான்றிலும் இது வராது, ஏனென்றால் அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டும்தான். ஆக, ‘எல்லா டாக்குமென்ட்டும் கிளியர்’ என்று வக்கீல் சொன்ன பிறகும் இந்த ஒரு ஓட்டை அப்படியே இருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது நிலத்தின் உரிமையை.

பேங்க் கணக்கு எங்கே உதைக்கும்?

ஒரு உதாரணக் கணக்கு. வீட்டின் விலை 60 லட்சம் ரூபாய் என்று பேசியாச்சு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 48 லட்சம் கடன், கையிலிருந்து 12 லட்சம். பத்திரச் செலவு 9 சதவீதம் (முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2), அதாவது 5.4 லட்சம். மொத்தம் 17.4 லட்சம் கையில் இருந்தால் போதும். கணக்குப் போட்டு, நகையை எல்லாம் எண்ணிப் பார்த்து, அட்வான்ஸும் கொடுத்தாச்சு.

அப்புறம்தான் வங்கியின் மதிப்பீட்டாளர் டேப்போடு வருகிறார். பிளானில் இரண்டு பெட்ரூம், வீட்டில் மூன்று. பிளானில் இல்லாத பகுதியைக் கழித்துவிட்டு 54 லட்சம் என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடன் 43.2 லட்சமாக இறங்கும். விற்பவருக்கு 60 லட்சம் கொடுத்தே ஆகணும். கையிலிருந்து போட வேண்டியது 16.8 லட்சம், பத்திரச் செலவோடு 22.2 லட்சம். அதாவது 4.8 லட்சம் கூடுதலாக, அதுவும் ஒப்பந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது, எங்கிருந்தாவது புரட்டணும். பர்சனல் லோன் எடுக்கும் இடம் இதுதான். இன்னும் கறாரான வங்கி என்றால் மதிப்பைக் குறைப்பதோடு நிற்காது, ஃபைலையே திருப்பிவிடும்.

இந்த இடத்தில் புரோக்கர் ஒரு யோசனை சொல்லலாம். “அந்த ரூமைப் பத்திரத்துல காட்டவே வேண்டாம், செலவும் குறையும்.” இதில் இரண்டு ஆபத்து. மதிப்பைக் குறைத்துக் காட்டியதாகச் சந்தேகம் வந்தால், முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் வித்தியாசத் தொகையைக் கேட்டு ஆவணம் மாவட்ட அளவிலான அதிகாரிக்குப் போகும். அடுத்தது, நாளைக்கு விற்பவரோடு தகராறு வந்தால், நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய அறை உங்கள் பத்திரத்திலேயே இருக்காது.

சரி, அறை பலமாவது இருக்கா?

பேப்பரை ஒரு பக்கம் வைத்துவிட்டு அறையைப் பார்ப்போம். கார் ஷெட்டை ஷெட்டாக நினைத்துக் கட்டியதால் வரும் பிரச்சினைகள் சில உண்டு. அவை வெள்ளையடித்த சுவரில் தெரியாது.

முதலில் தரை மட்டம். வீட்டைக் கட்டும்போது மண் நிரப்பி பேஸ்மட்டத்தை உயர்த்துவார்கள். கார் ஏற வேண்டுமே என்று ஷெட்டை மட்டும் தெருவோடு ஒட்டித் தாழ்வாக, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவாக விடுவார்கள். ஹாலிலிருந்து அந்த அறைக்கு ஒரு படி இறங்குவது இதனால்தான். தாமிரபரணிப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த ஒரு படி என்ன என்று தெரியும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன், கொக்கிரகுளம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை என்று ஆற்றை ஒட்டிய பகுதிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆட்சியர் அலுவலக வளாகமே தப்பவில்லை. அப்படியொரு ராத்திரியில் ஒரு வீட்டில் முதலில் தண்ணீர் ஏறும் இடம், மாடி ஏற முடியாத பெரியவரைப் படுக்கவைத்திருக்கும் அந்த அறைதான்.

வாகனம் நிறுத்தவும் சாமான் போடவும் என்று அனுமதி வாங்கிய இடத்தில் ஆட்களை உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 27-ல் டெல்லி பார்த்தது. பழைய ராஜேந்திர நகரில் ஒரு ஐஏஎஸ் பயிற்சி மையம் தன் கீழ்த்தளத்தை நூலகமாகப் பயன்படுத்திவந்தது. மழைநீர் உள்ளே பாய்ந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கீழ்த்தளமும் கார் ஷெட்டும் ஒன்றல்ல. ஆனால் ஒரு இடத்தை எதற்காக வடிவமைத்தார்கள் என்பது வெறும் சம்பிரதாயக் கேள்வி இல்லை.

அடுத்தது காலுக்குக் கீழே. நம் ஊர் வீடுகளில் சம்ப்பையோ செப்டிக் டேங்கையோ தோண்ட வசதியான இடம் என்று பல கொத்தனார்கள் தேர்ந்தெடுப்பது கார் நிற்கும் இடத்தைத்தான். அப்படியென்றால் அந்த மூடி இப்போது கட்டிலுக்கு அடியிலோ டைல்ஸுக்கு அடியிலோ இருக்கிறது. செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரிக்காரர் எங்கே பைப்பை விடுவார்? வாயு வெளியேறும் குழாய் எங்கே போனது? விற்பவரிடம் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி, பட்டாவை விடவும் முந்திக் கேட்க வேண்டியது, ‘செப்டிக் டேங்க் எங்கே இருக்கு?’ என்பதுதான். அவர் பதில் சொல்ல எடுக்கும் நேரமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

சுவர்களையும் பார்க்கணும். பிறகு எழுப்பிய சுவருக்குப் பெரும்பாலும் அஸ்திவாரம் இருக்காது, ஷெட்டின் தரை கான்கிரீட் மேலேயே செங்கலை அடுக்கியிருப்பார்கள். பழைய தூணும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடினால் காரணம் இதுதான். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பியிருந்தால், ஈரம் கீழிருந்து ஏறுகிறது. புதிதாகப் பிளாஸ்டிக் ஷீட்டோ மர பேனலோ ஒட்டியிருந்தால், அது அழகுக்காக மட்டும்தானா என்று சந்தேகப்படலாம், தப்பில்லை. மின் மீட்டர் பெட்டி அறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. ரீடிங் எடுக்க வருபவர் பெட்ரூமுக்குள் வந்துதான் போகணும்.

நோட்டீஸ் வந்தால் யாருக்கு வரும்?

இப்போதைய உரிமையாளருக்கு. சுவர் எழுப்பியவர் விற்றுவிட்டு கோயம்புத்தூருக்கோ துபாய்க்கோ போயிருப்பார். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் 56, 57-வது பிரிவுகளில், அனுமதியில்லாத கட்டுமானத்தை அகற்றவும் பூட்டி சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. கார் ஷெட்டை அறையாக்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் நாளைக்கே புல்டோசர் வரும் என்று இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. நடைமுறையில் பக்கத்து வீட்டுத் தகராறு, கடை வைத்ததால் வந்த டிராஃபிக் புகார், மதுரைக் கிளையில் யாராவது போடும் ரிட் மனு என்று ஏதாவது ஒன்று கிளப்பிவிட்டால்தான் ஃபைல் நகரும். முன்னறிவிப்பு இல்லாமல் இடிக்கவும் முடியாது. குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13-ல் சொல்லியிருக்கிறது. சாலை, நடைபாதை, ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் உள்ள ஆக்கிரமிப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வாய்க்கால் கரையை ஒட்டி ஷெட்டை நீட்டியிருந்தால் இது கவனிக்க வேண்டிய வரி.

விற்றவர் மேல் கேஸ் போடலாமா? சொத்து மாற்றுச் சட்டம், 1882-ன் 55-வது பிரிவு, விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான குறைகளைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் அதே வாக்கியத்தில் ஒரு கொக்கி: வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலே கண்டுபிடிக்க முடியாத குறையாக அது இருக்க வேண்டும். கார் கேட்டுக்கு நேராக ஒரு பெட்ரூம் நிற்கிறது. பிளானைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரியும். “எனக்குத் தெரியாமப் போச்சு” என்று சொல்வது கோர்ட்டில் எளிதாக இருக்காது. டேங்கை மூடி டைல்ஸ் ஒட்டியதை மறைத்திருந்தால் வாதம் கொஞ்சம் பலப்படும்.

கார் கராஜை அறையாக்குவது சகஜமான இங்கிலாந்தில் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். நிறைவுச் சான்று இல்லாத வீட்டை விற்கும்போது, விற்பவர் ஒரு இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுப்பார். உள்ளாட்சி நடவடிக்கை எடுத்தால் வரும் இழப்பை அது தாங்கும். சுவர் ஈரமாக இருந்தால் தாங்காது. அங்கேயும் நடவடிக்கைக்கான கெடு 2023 அக்டோபரிலிருந்து 10 ஆண்டாக நீட்டப்பட்டிருக்கிறது. நம் ஊரில் சாதாரண ரீசேல் வீட்டுக்கு அப்படிப்பட்ட பாலிசி எடுக்கும் வழக்கமே இல்லை. ‘ஏதாவது வந்தா நான் பாத்துக்கிறேன்’ என்று விற்பவர் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாலும், அது அவருக்கும் உங்களுக்கும் நடுவில்தான். மாநகராட்சியை அது கட்டுப்படுத்தாது.

அப்புறமா ரெகுலரைஸ் பண்ணிக்கலாமா?

‘அரசாங்கம் அப்பப்போ ஸ்கீம் விடும், கட்டிடலாம்’ என்பது இன்னொரு நம்பிக்கை. வரலாறு அவ்வளவு தாராளமாக இல்லை. 1999 பிப்ரவரி 28-க்கு முந்தைய விதிமீறல்களுக்காக 113-ஏ என்ற பிரிவு கொண்டுவரப்பட்டது. பிறகு வந்த 113-சி பிரிவு, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களுக்கு மட்டும். அதற்கான வழிமுறைகளே 2017-ல்தான் வந்தன. வீட்டின் ஷெட் 2015-ல் அடைக்கப்பட்டது என்றால் இந்த இரண்டு கதவும் அதற்குத் திறக்காது.

மிச்சமிருப்பது நேர் வழி. இப்போதைய விதிகளுக்குள் அறை அடங்குமானால் திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பிக்கலாம். செட்பேக் சரியாக இருந்து, வண்டி நிறுத்த வேறு இடமும் இருந்தால் வாய்ப்பு உண்டு. காம்பவுண்டோடு ஒட்டிய அறைக்கு வாய்ப்பு குறைவு. எதுவாக இருந்தாலும் இந்த வேலையை விற்பவர், விற்பதற்கு முன், தன் செலவில் முடிக்கட்டும். ‘ஈஸியா வாங்கிடலாம்’ என்று அவர் சொன்னால், அவரே வாங்கித் தருவதில் என்ன கஷ்டம்?

ஃபிளாட் என்றால் கதை வேறு

வண்ணார்பேட்டை மாதிரி இடங்களில் ஃபிளாட் வாங்குகிறவர்கள் கீழே ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஒரு பகுதி மட்டும் அடைக்கப்பட்டு ஸ்டோர் ரூமாகவோ கடையாகவோ இருப்பதைப் பார்க்கலாம். “இந்த ஃபிளாட்டோட அதுவும் சேத்துத்தான்” என்று சொன்னால் உஷார். ஸ்டில்ட் பார்க்கிங் என்பது கராஜ் அல்ல, அது எல்லாருக்கும் பொதுவான இடம், பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று 2010 ஆகஸ்ட் 31-ல் மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2016-ல் வந்த ரேரா சட்டமும் கராஜ் என்றால் கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருக்க வேண்டும் என்றே விளக்கம் தருகிறது. ஒருவர் சுவர் எழுப்பிவிட்டார் என்பதற்காகப் பொது இடம் அவருடையதாகிவிடாது. அசோசியேஷன் மீட்டிங்கில் என்றைக்காவது ஒருநாள் அந்தப் பேச்சு வரும்.

அட்வான்ஸுக்கு முன்னால்

பிடித்த வீட்டை இதற்காக விட்டுவிட வேண்டுமா? அவசியமில்லை. வாங்கலாம், ஆனால் இரண்டு பெட்ரூமும் ஒரு கார் ஷெட்டும் உள்ள வீட்டின் விலைக்கு. அந்த அறையை நாளைக்கு இடித்துத் திரும்ப ஷெட்டாக்க வேண்டி வந்தாலும் கட்டுப்படியாகும் விலையா என்று பாருங்கள். ஆகும் என்றால் பேரம் சரி. மூணு பெட்ரூம் விலைதான் வேண்டும் என்று நிற்பவரிடம், மூணு பெட்ரூம் உள்ள அப்ரூவ்டு பிளானைக் கேட்கலாம்.

பிளான் நகலைக் கேட்கும்போது அனுமதி எண்ணோடு, முத்திரையோடு உள்ள நகலாக இருக்கட்டும், இன்ஜினியர் வரைந்து கொடுத்த வெறும் படம் இல்லை. ‘எங்க வச்சோம்னு தெரியல’ என்ற பதில் வந்தால், உரிமையாளரே மாநகராட்சியிலோ உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்திலோ நகலுக்கு விண்ணப்பிக்கட்டும். மூன்றாம் நபராக நீங்கள் ஆர்டிஐ போட்டால், அடுத்தவர் வீட்டு வரைபடம் என்று சொல்லி மறுக்க வாய்ப்பிருக்கிறது. நகல் கிடைத்ததும் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போய் அறை அறையாக அளங்கள். சில ஆயிரம் ரூபாய் செலவு. அடுக்குமாடியின் மாடல் ஃபிளாட்டைப் பார்க்க நாலு ஞாயிற்றுக்கிழமை செலவழிப்பவர்கள், ரீசேல் வீட்டுக்கு இந்த ஒரு சாயங்காலத்தை ஒதுக்குவதில்லை.

கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி கண்டிப்பாக வேண்டும்: வரைபடத்துக்கு மாறான கட்டுமானம் காரணமாக வங்கி கடனை மறுத்தாலோ குறைத்தாலோ அட்வான்ஸ் முழுவதும் திருப்பித் தரப்படும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. கெடுவையும் யோசித்துப் போடணும். பிளான் நகல் வாங்க, இன்ஜினியர் அளக்க, வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து போக, இவை எல்லாம் 30 நாளில் முடியாது. ஒப்பந்தத்தில் 90 நாள் கேளுங்கள்.